விழும் தூரம்

வலது கையை முழுக்க நீட்டி, சிறிய இரும்புக் கம்பி ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்தபடி, இடது கண்ணை மூடிக்கொண்டு மும்புவா பின்னோக்கி நடக்கிறாள். தேவாலயத்தின் மணிக்கூண்டு இன்னும் கம்பியைவிட உயரமாகத் தெரிகிறது. ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வழிவிடுகிறார்கள். யாரும் என்னவென்று கேட்பதில்லை. மணிக்கூண்டின் அடி கம்பியின் அடியோடும், சிலுவையின் உச்சி கம்பியின் நுனியோடும் பொருந்துகிற இடத்தில் அவள் நிற்கிறாள். அங்கே நின்றால், மணிக்கூண்டு அவள் பக்கமாகவே சாய்ந்தாலும் சிலுவை அவள் கால்விரலைத் தொடுவதோடு சரி. அவளுக்கு அது போதாது. இன்னும் கொஞ்சம் பின்னால் போய், வேலமரத்தடியில் ஒரு கல்லைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, பிரசங்கத்தை ஒலிபெருக்கியில் கேட்கிறாள். உட்காருவதற்கு முன் வேலமரத்தையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துக்கொள்கிறாள்.

கம்பி, கட்டடங்களுக்குப் போடுகிற சாதாரண முறுக்குக் கம்பிதான். அவள் கண்ணுக்கும் நீட்டிய கைப்பிடிக்கும் இடையே எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு வெட்டியது. பிடித்துப் பிடித்து நடுவில் முறுக்குத் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. கற்றாழை நாரில் பின்னிய தோள்கூடையில் குடை, தேநீர்க் குடுவை, அவித்த சோளம் இவற்றோடு அதுவும் கிடக்கும்.

அத்தி ஆற்றைத் தாண்டி, சிமெண்ட் ஆலைகளின் புகை தீர்ந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மின்கம்பி சுமக்கும் கோபுரங்களை அங்கே முழு உயரத்துக்கு எழுப்பி, எஃகு வடங்களால் பக்கவாட்டில் இழுத்து, எந்தச் சுமையில் எது முறிகிறது என்று பார்ப்பார்கள். மும்புவாவின் பங்கு தரைக்குக் கீழே. கோபுரத்தின் கால் காங்கிரீட்டுக்குள் எப்படிப் பிடித்துக்கொள்கிறது, எப்போது விடும் என்பதில்தான் அவள் படித்தாள், பட்டம் வாங்கினாள், தலை நரைத்தாள். காங்கிரீட் கட்டிக்குள் புதைத்த இரும்பை ஜாக்கி வைத்து மேலே இழுப்பாள். கொஞ்சம் இழுத்து நிறுத்துவாள். காத்திருப்பாள். மறுபடி இழுப்பாள்.

விடுவதற்கு முன்னால் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். நகத்தை நகத்தால் சுண்டினாற்போல. அளவுமுள் அசைவதற்கு முன்பே அவள் காது அதைப் பிடித்துவிடும். கற்றுக்கொள்ள வரும் மாணவர்களிடம் அவள் சொல்கிற முதல் வார்த்தை இதுதான்: "காங்கிரீட்டு நல்லவன். சொல்லிட்டுத்தான் விடுவான்." இரண்டாவது வார்த்தையும் உண்டு. யாராவது ஒரு பழைய பாலத்தைக் காட்டி, இத்தனை வருஷமாக நிற்கிறதே என்று சொன்னால், "நிக்குதுங்கிறது ஒரு சாட்சி இல்ல" என்பாள்.

அந்தச் சின்னச் சத்தம் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. சாயங்காலம் தகரக் கூரை வெயில் இறங்கிச் சுருங்கும்போது அது கேட்கிறது. கெட்டிலில் கேட்கிறது. ஆள் ஏற்றும் மடாட்டு வேனின் கதவில், பல் மருத்துவரின் நாற்காலியில், படி ஏறும்போது சொந்த முழங்காலில் கேட்கிறது. மாடி வீடு குறைந்த வாடகைக்குக் கிடைத்தும் வேண்டாம் என்றுவிட்டாள். தரைவீட்டில் கட்டிலை எந்தச் சுவரையும் ஒட்டாமல் நடுவில் போட்டிருக்கிறாள். விருந்தாளிகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் உட்கார வேண்டும்.

அந்தப் பக்கங்களில் ஒரு பெண்ணை அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மும்புவாவுக்குப் பிள்ளை இல்லை. ஆய்வுக்கூடத்து ஆட்கள் தாங்களாகவே அவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தார்கள். பயத்தோட அம்மா. பெயர் முதலில் முதுகுக்குப் பின்னால் இருந்தது, பிறகு முகத்துக்கு நேரே வந்தது. கோபுரம் ஏறி வடம் கட்டுகிற கியாலோ, வெள்ளாடு மாதிரி எங்கேயும் கால் வைக்கிறவன், தினமும் காலையில் மேலே ஏறும் முன் கேட்பான்:

"பயத்தோட அம்மா, பையன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். இன்னும் பசிங்கிறான். நீ கொக்கிய மாட்டு."

"மாட்டியாச்சும்மா."

"மாட்டினத எனக்குக் காட்டு."

அவன் காட்டுவான். இதில் அவளுக்கு வருத்தமில்லை. பயத்தை அவள் ஒரு குறையாக நினைக்கவில்லை. காய்ச்சல்காரன் வீட்டில் வெப்பமானி இருப்பதுபோல அது தன்னிடம் இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரே தங்கை, வயூவா. அக்கா மழையில் பிறந்தவள், தங்கை பஞ்சத்தில். இருவர் பெயரிலும் அது இருக்கிறது. பஞ்சத்தில் பிறந்தவளுக்கு எதைக் கண்டும் பயமில்லை. கிதூனிச் சந்தையில் தக்காளி விற்கிறாள். அந்தச் சந்தை நடப்பதே மின்கோபுரத்தின் கீழேதான். மின்பாதைக்காக மரம் வெட்டிச் சமன் செய்த அகலமான நிலம் அது. யாரும் வீடு கட்டக்கூடாது, வேலி போடக்கூடாது. ஆகவே சனிக்கிழமைகளில் அது எல்லோருக்கும் சொந்தம். பெண்கள் கோபுரத்தின் நாலு கால்களிலும் கயிறு கட்டித் துணி விரித்து நிழல் செய்துகொள்வார்கள். வெள்ளாடுகளையும் அந்தக் கால்களில்தான் கட்டுவார்கள்.

மும்புவா மாதம் ஒரு முறை தங்கையைப் பார்க்கச் சந்தைக்குப் போவாள். போய், கம்பியை நீட்டி அளந்து, கோபுரம் விழும் தூரத்துக்கு வெளியே நிற்பாள். வயூவா தக்காளியை விட்டுவிட்டு அங்கே வரை நடந்து வந்து பேசிவிட்டுப் போக வேண்டும். பக்கத்துக் கடை கனினிக்கு இது வாரச்சந்தையின் வேடிக்கை. கனினி என்றால் சின்னவள் என்று அர்த்தம். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பாள், நீண்ட கைகள், உளுந்துப் படியை ஒரே வீச்சில் அளந்து கொட்டுவாள். "வயூவா, உங்க அக்கா வந்தாச்சு. பையனையும் கூட்டிட்டு வந்திருக்கா பாரு," என்று இங்கிருந்தே குரல் கொடுப்பாள். சந்தை சிரிக்கும்.

சிரிப்பதற்கு நியாயம் இருந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த்தொட்டி சரியும் என்று மும்புவா சொன்னாள். அது நிற்கிறது. ஆற்றுப்பாலத்தின் மூன்றாவது தூணைச் சொன்னாள், சந்தைக்குப் போகும் வழியில் இருக்கிற மூன்றடுக்குக் கட்டடத்தைச் சொன்னாள், பிரசங்க மேடையைச் சொன்னாள். எதுவும் விழவில்லை. தொட்டிக்கு அவள் பேச்சைக் கேட்டுக் கூடுதலாக முட்டுக் கொடுத்தார்கள் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தாலும், முட்டு இல்லாமலும் அது நின்றிருக்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதை மறுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

இந்த ஆண்டு, வாரக்கணக்கில் நீளும் நெடுமழைப் பருவத்துக்கு முன்னால், கிதூனி வழியாகப் போகும் மின்பாதையில் மிஞ்சிய அடிக்கால்கள் சில சோதனைக்கு வந்தன. அடிக்கால் என்பது கோபுரத்தின் காலில் காங்கிரீட்டுக்குள் புதைகிற துண்டு. லாரியிலிருந்து இறக்கும்போதே அவை கறுப்பாக மினுமினுத்தன. கூடவே வந்த கிடங்குக்காரர் பெருமையாகச் சொன்னார். கடற்கரையில் திறந்த வெளியில் இரண்டு மழைக்காலம் கிடந்த இரும்பு. உப்புக்காற்று தின்றுவிடாமல் இருக்க, லாரி இன்ஜின்களிலிருந்து வடித்த பழைய ஆயிலில் துணியை நனைத்து ஒவ்வொன்றையும் துடைத்து வைத்தாராம். மொத்தப் பாதைக்கும் ஒரு துண்டுகூட துரு ஏறாமல் அனுப்பினாராம். தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் தொட்டுப் பார்த்தாள். விரல் வழுக்கியது.

அப்படியேதானே புதைத்தீர்கள், கழுவவில்லையே என்று கேட்டாள். "கழுவறதா? அப்புறம் எதுக்கும்மா தடவினோம்?" என்றார் அவர்.

அதே எண்ணெயோடு ஒன்றைக் காங்கிரீட்டில் புதைத்து, இறுகவிட்டு, ஜாக்கி வைத்தாள். தாங்க வேண்டிய சுமையில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. அவள் காதைச் சாய்த்துக் காத்திருந்தாள். முள் அசைந்தது. இரும்பு மேலே வந்துகொண்டிருந்தது, தயிரில் செருகிய கரண்டியை எடுப்பதுபோல. சத்தமே வரவில்லை. ஜாக்கியை நிறுத்திவிட்டு அவள் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். சுவரோரமாக அவள் நின்றதை அன்றுதான் கியாலோ முதன்முதலாகப் பார்த்தான்.

அடிக்காலின் கீழ்நுனியில் குறுக்காகச் சில இரும்புத் துண்டுகள் போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கும். பிடி வழுக்கினாலும் அவை கொக்கிபோல் காங்கிரீட்டில் மாட்டிக்கொள்ளும். அவள் அதைத்தான் நம்பினாள். பாதை போட்ட மேஸ்திரிகளைத் தேடிப் போய் ஒவ்வொருவராக விசாரித்தாள். கிதூனியில் குழி தோண்டியவர் நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தார். மற்ற இடமெல்லாம் ஒழுங்காக வைத்தோம், சந்தையடியில் மட்டும் பாறை வந்துவிட்டது, குழி ஆழம் போகவில்லை, அதனால் கீழே ஒரு முழம் அறுத்துவிட்டோம் என்று சொல்லிச் சிரித்தார். அறுத்த துண்டுகள் அவர் வீட்டில் அடுப்புக்கல்லாக இருந்தன. குறுக்குத் துண்டுகள் அப்படியே அவற்றில் முடுக்கியபடி இருந்தன. மேலே பானையில் தோல் நீக்கிய சோளமும் பயறும் சேர்ந்த முத்தோகோய் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத் தலைவர் முசெம்பி அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். அவள் முன்னாலேயே மின்பாதைக்காரர்களுக்குத் தொலைபேசியில் பேசினார். இரண்டு நெடுமழையிலும் நின்ற கோபுரம், மழை முடிந்ததும் ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் உன்னை நம்பறேன், மும்புவா. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. அந்தத் தண்ணித்தொட்டிக்கும் நீ இதே குரல்லதானே சொன்னே?"

அவள் கூடையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டது சரி. தொட்டிக்கும் இதே நெஞ்சு அடைப்பு, இதே உள்ளங்கை வியர்வை. மணிக்கூண்டுக்கும் இதே. உள்ளே இருந்து பார்த்தால் எல்லாப் பயமும் ஒரே உயரமாகத்தான் இருந்தது. உண்மையானது வந்தால் தனியாகத் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். தெரியவில்லை. வெப்பமானி எப்போதும் ஒரே சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை கியாலோ மோட்டார் சைக்கிளில் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். கிதூனியில் கம்பி இழுக்க ஆள் வந்திருக்கிறார்கள் என்றான். கோபுரத்தின் ஒரு பக்கத்துக் கைகளில்தான் இதுவரை மின்கம்பி போயிற்று. மறுபக்கம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்துக்கு இன்று இழுக்கிறார்கள். பாதை திரும்புகிற முனை அது. இழுவை ஏறினால் வெளிப்பக்கத்துக் கால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். இது கியாலோவுக்கும் தெரியும். அன்று அவன் பையன் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. மோட்டார் சைக்கிளில் ஏற மாட்டேன் என்று பல வருஷமாகச் சொல்லிவந்தவள் கூடையை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

சந்தை நிரம்பியிருந்தது. தூரத்தில் கம்பியை இழுக்கும் வின்ச் இரைந்துகொண்டிருந்தது. கோபுரத்தின் கையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆபீசிலிருந்து சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். அவள் முசெம்பியைக் கூப்பிட்டாள். அவர் ஆபீசைக் கூப்பிட்டார். ஆபீசில் சனிக்கிழமை. வின்ச் இரைந்தது.

அவள் வழக்கமான இடத்துக்கு ஓடினாள். கம்பியை நீட்டி, தூரத்தைப் பார்த்து, வெளியே நின்றுகொண்டு தங்கையைக் கூப்பிட்டாள். வெளியே வந்துவிடு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றாள். வயூவா கையை ஆட்டினாள். யாருக்கோ தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தாள். மும்புவா மறுபடி கூப்பிட்டாள். குரல் உடைந்து கீச்சென்று வந்தது.

"இன்னிக்குப் பையனுக்கு வயித்துவலி போல," என்றாள் கனினி. "வயூவா, போயி ஒரு தக்காளி குடுத்துட்டு வாடி."

சந்தை சிரித்தது. மேலே உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவன்கூடச் சிரித்தான்.

மும்புவா கம்பியைக் கூடைக்குள் போட்டாள். பிறகு உள்ளே நடந்தாள்.

நேராக நடக்க வரவில்லை. மேலே பார்க்கவில்லை. பார்த்தால் திரும்பிவிடுவோம் என்று தெரிந்தது. ஆடுகளைத் தாண்டினாள், செருப்புக் கடையைத் தாண்டினாள். கோபுரத்தின் நிழல் பட்டை பட்டையாக அவள் மேல் விழுந்தது. வெளிப்பக்கத்துக் கால் அருகே வந்தபோது பார்வை தானாகவே கீழே போயிற்று, இரும்பு காங்கிரீட்டுக்குள் நுழைகிற இடத்துக்கு. இரண்டு மழையின் செம்மண் கறை காலைச் சுற்றி ஒரு கோடாகப் படிந்திருந்தது. அந்தக் கோடு காங்கிரீட்டை ஒட்டி இல்லை. ஒரு நூல் அளவு மேலே ஏறியிருந்தது. இடைவெளியில் இரும்பு கறுப்பாக, புதிதாக, எண்ணெய் மினுக்கோடு இருந்தது.

அவள் காதைக் கூர்மையாக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை.

வயூவாவின் முன்னால் போய் நின்றாள். குனிந்து தக்காளிகளைக் கூடைக்குள் அள்ளிப் போட ஆரம்பித்தாள். தேநீர்க் குடுவையின் மேல், குடையின் மேல். பழங்கள் நசுங்கின. அள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, என்ன பண்றே. அதெல்லாம் நல்ல பழம்," என்று கையைப் பிடித்த வயூவா பாதியில் நிறுத்தினாள். கோபுரத்தின் நாலு கால்களையும் பார்த்தாள், நடுவில் நிற்கிற அக்காவைப் பார்த்தாள். "நீ உள்ள வந்திருக்கே," என்றாள் மெதுவாக.

பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கனினி உளுந்துப் படியைக் கையில் வைத்தபடி மும்புவாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மும்புவா கம்பியை நீட்டவில்லை, கண்ணை மூடவில்லை, பின்னால் போகவில்லை. கனினி படியைக் கீழே வைத்தாள். எழுந்து போய், கோபுரத்தின் காலில் கட்டியிருந்த தன் நிழல் துணியின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அதைப் பார்த்து அடுத்த கடைக்காரி தன் கயிற்றை அவிழ்த்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆடுகளை அவிழ்த்தார்கள், துணிகளை நாலு மூலையும் சேர்த்து மூட்டையாக்கித் தலையில் வைத்தார்கள். கியாலோ விரல்களை வாயில் வைத்து விசிலடித்து மேலே இருந்தவர்களுக்குக் கை காட்டினான். அவர்கள் முதலில் கீழே காலியாகிக்கொண்டிருந்த சந்தையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். தன் ஆட்கள் இறங்குவதைக் கண்ட மேற்பார்வையாளர் கையைத் தூக்கினார். வின்ச் நின்றது. ஆபீசிலிருந்து இன்னும் தகவல் இல்லை.

எல்லோரும் வெளியே, பக்கத்துத் தோட்டத்து வேலி ஓரமாக மூட்டைகளோடு நின்றார்கள். மேற்கிலிருந்து காற்று எழும்பிக்கொண்டிருந்தது. கோபுரம் நின்றது. பாதி இழுத்த மின்கம்பி அதன் கையிலிருந்து தொங்கி மெல்ல ஆடியது. நேரம் போயிற்று. ஒரு வெள்ளாடு மட்டும் திரும்பிப் போய் சிந்திய உளுந்தை மேய்ந்தது. அதை அழைத்து வர யாரும் போகவில்லை.

"நிக்குதே," என்றாள் கனினி. கிண்டலாகச் சொல்லவில்லை. தானாகவே வாயில் வந்தது.

நடுக்கம் இப்போதுதான் மும்புவாவின் கைகளுக்கு வந்திருந்தது. தக்காளிச் சாறு வழிகிற கூடைக்குள் கைவிட்டுக் கம்பியைத் தேடி எடுத்தாள், பாவாடையில் துடைத்தாள், நீட்டினாள். கை நிற்கவில்லை. கம்பியின் நுனி கோபுரத்தின் உச்சிக்கு மேலும் கீழும் அலைந்தது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் நிற்கவில்லை.

"குடு இப்படி," என்று கனினி கையை நீட்டினாள். "இத வச்சு எப்படிப் பாக்கறது?"

மும்புவா சொன்னாள். கனினி தன் நீண்ட கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை இறுக்கி மூடி, கம்பியைக் கோபுரத்தோடு பொருத்தினாள். பொருந்தவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள். வேலியைத் தாண்டினாள்.

"ஏன்க்கா, இது உன் கைக்கு வெட்டினதாச்சே. அவ கை நீளம். கணக்குத் தப்பாதா?" என்று வயூவா கேட்டாள்.

"தப்பும்," என்றாள் மும்புவா. "இன்னும் தள்ளிப் போயிதான் நிப்பா." தங்கையின் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கனினியின் பின்னால் நடந்தாள்.